வயலின் விளக்கக் கச்சேரி: எவ்வளவு பேசலாம், எப்போது வாசிக்கலாம்?

புதுவில்:
வயலினும் பியானோவும் மட்டும், மொத்தம் 60 நிமிடம். கேட்க வருபவர்களில் பாதிப் பேருக்கு மேற்கத்திய செவ்வியல் இசை புதிது. ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் பத்து நிமிடம் வரலாறு சொன்னால் அரங்கம் சோர்ந்துவிடுகிறது. சொல்லாமல் வாசித்தால் விளக்கக் கச்சேரி என்ற பெயருக்கே அர்த்தமில்லை. எப்படி அமைப்பது?

நாலுதந்தி:
வரலாற்றைக் குறைத்துக் காதுக்கு வேலை கொடுங்கள். ஓர் உருப்படிக்கு ஒரே வேலை. பேச்சு இரண்டு நிமிடம் போதும்.

இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் 'நான்கு பருவங்கள்' என்ற வயலின் படைப்பு இதற்கென்றே வார்த்தது போல இருக்கும். 1725இல் அச்சானபோதே ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கவிதை கூடவே வந்தது. 'வசந்தம்' முதல் பகுதியில் பறவை, ஓடை, இடி என்று காட்சிகள் மாறும். நடுநடுவே ஒரே மெட்டு திரும்பி வரும். அந்த மெட்டை முதலில் தனியாக இரண்டு தடவை வாசித்துக் காட்டி, "இது வரும்போதெல்லாம் கை தூக்குங்கள்" என்று சொல்லுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: தொடக்க வரியைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். திரும்பத் திரும்ப வருவது அதன் இரண்டாம் பாதி. இடிக்குப் பிறகு அது மைனரில் (சோகச் சாயலுள்ள சுர அமைப்பில்) வருவதால் பாதிக் கைகள் தயங்கும். நிறுத்த வேண்டாம். முடிந்த பின் அந்த இடத்தை மட்டும் மேஜரிலும் (பளிச்சென்ற சாயலுள்ள அமைப்பு) மைனரிலும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டுங்கள். மேஜர், மைனர் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாம் பகுதியில் ஆடு மேய்ப்பவர் தூங்குகிறார், நாய் குரைக்கிறது. மூலத்தில் குரைப்பு வயோலாவுக்கு (வயலினைவிடச் சற்றுப் பெரிய கருவி). உங்களிடம் பியானோவின் இடது கை அதை எடுத்துக்கொள்ளும். அதைத் தனியே ஒருமுறை கேட்கவிட்டால் அப்புறம் யாரும் தவறவிட மாட்டார்கள். 'வசந்தம்' மொத்தம் மூன்று பகுதிகள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் எப்போது கைதட்டுவது என்ற குழப்பமும் வராது.

ரோசின்துகள்:
கருவியையும் காட்டுங்கள். ஏ தந்தி நொடிக்கு 440 முறை அதிரும். மேல்முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் விரலை அழுத்தினால் 660. அதே இடத்தில் அழுத்தாமல் லேசாகத் தொட்டு இழுத்தால் 1320, புல்லாங்குழல் மாதிரி. விரல் ஒரு மயிரிழை விலகினாலும் வெறும் கீச்சுதான் வரும். வில்லைக் கொஞ்சம் பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) பக்கம் தள்ளி, ஒரே வேகத்தில் இழுங்கள்.

ரோசின் (வில்லின் மயிரில் தேய்க்கும் பிசின்) தடவாத புது வில்லை இழுத்தால் சத்தமே எழாது. உராய்வு என்ன செய்கிறது என்று ஒரு நொடியில் புரியும். ஆனால் தந்தியில் பழைய துகள் ஒட்டியிருந்தால் கொஞ்சம் ஒலி வந்து விளக்கம் கெட்டுப்போகும். துடைத்த தந்திகளோடு இரண்டாவது வயலின் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இ தந்தி அறுந்தாலும் அதுவே கைகொடுக்கும்.

புதுவில்:
பேசிவிட்டு வயலினை எடுத்தால் சுதி இறங்கியிருக்கிறதே?

ரோசின்துகள்:
மேடை விளக்கின் சூட்டில் தந்தி தளரும். காற்று வறண்டிருந்தால் பிரடையும் (தந்தியை முறுக்கும் திருகு) சுருங்கி வழுக்கும். திருகும்போதே உள்ளே அழுத்துங்கள். ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் சுதி சேர்க்க அரை நிமிடம் ஒதுக்குங்கள். அதை ஒளிந்து செய்ய வேண்டாம். இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுத்து, சுதி சேராதபோது கேட்கும் அலையடிப்பு மெல்ல மெல்லக் குறைந்து நிற்பதைக் கேட்கச் சொல்லுங்கள். புதுத் தந்தி மட்டும் அன்றைக்கு வேண்டாம். சில நாள் இழுபட்டுப் படிந்தால்தான் சுதியில் நிற்கும்.