குடி நின்று 40 நாள், ஆனால் அடகும் பொய்யும் மனசை விட்டுப் போகவில்லை

காவிரிக்கரை:
அக்கா வீட்டுக்காரர் குடியை நிறுத்தி 40 நாள் ஆகிறது. குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்பிராம் மாத்திரை சாப்பிடுகிறார், இத்தனை நாள் குடிப்பதில்லை என்று கோயிலில் கயிறும் கட்டியிருக்கிறார். ஆனால் அக்காவுக்குத் தெரியாமல் 11 பவுன் அடகில் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு புதுக் கடன் வெளியே வருகிறது. அக்கா தினமும் அவர் வாயை முகர்ந்து பார்க்கிறாள், அதிலேயே சண்டை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கணக்குப்பிள்ளை:
கடனிலிருந்து. தவணை முறையில் உண்மை வருவதுதான் அதிகம் நொறுக்கும். ஒவ்வொரு தடவையும் முதல் நாள் காயம் மறுபடி திறக்கும். ஆலோசகர் முன்னால் ஒரே அமர்வில் அவர் கைப்பட எழுதட்டும்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி. வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். ஒருவர் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கை வருஷத்துக்கு ஒருமுறை இலவசம். வங்கி, நிதி நிறுவனக் கடன் அதில் தெரியும். கந்துவட்டியும் கைமாற்றும் தெரியாது. அடகுக்கடை ரசீதுகளைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கெடு நெருங்கிய நகைக்கு முதலில் வட்டியாவது கட்டுங்கள், இல்லாவிட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும். அக்கா எதற்கும் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டாம்.

நிழல்மரம்:
முகர்ந்து பார்ப்பது இருவரையும் போலீஸ், திருடன் ஆக்கிவிடும். தம்பதியர் சிகிச்சையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. தினமும் ஒரே நேரத்தில், காலைக் காப்பிக்கு முன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர் "நேற்று குடிக்கவில்லை, இன்றைக்கும் குடிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அக்கா எதிரில் மாத்திரையை விழுங்க வேண்டும். அக்கா ஒரு நன்றி சொல்லி காலண்டரில் குறிக்க வேண்டும். அவ்வளவுதான், இரண்டு நிமிஷம். அதற்குப் பிறகு அன்று குடிப்பேச்சே கிடையாது. பழைய ரணங்களைப் பேச ஆலோசகர் அறை இருக்கிறது. அக்காவின் கோபத்தை அடக்கச் சொல்லவில்லை. அதற்கு இடமும் நேரமும் ஒதுக்குகிறோம். கயிறு நல்லதுதான், ஆனால் கெடு முடிந்த அன்றே அவிழ்த்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள் நிறைய. தினசரிச் சொல்லுக்குக் கெடு இல்லை.

வெள்ளைச்சீருடை:
மாத்திரை பற்றி ஒன்று. அதைச் சாப்பிடுபவர் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் 14 நாள் வரை இந்த ஆபத்து இருக்கிறது. சில இருமல் டானிக்கிலும் ஆல்கஹால் உண்டு, பார்த்து வாங்குங்கள். கல்லீரல் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் சாம்பாரில் தெரியாமல் கலக்கச் சொல்லும் உறவினர்கள் வருவார்கள். அது தெரியாமல் அவர் குடித்தால் உயிரே போகலாம். தவிர, அது அக்கா பக்கத்திலிருந்து செய்கிற துரோகம்.

ஒருமுறை சறுக்கினால் அன்றைக்கே தானாகச் சொல்லிவிட வேண்டும் என்று இப்போதே பேசி வையுங்கள். தினக்குடி திரும்பிவிட்டால் வீட்டில் வைத்துச் சட்டென நிறுத்த வேண்டாம். முதல் 2 நாளில் வலிப்பும், அதையொட்டிப் பிதற்றலும் வரலாம், மருத்துவமனைதான் சரி.

காவிரிக்கரை:
நன்றி. கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருக்கட்டுமா என்று அக்கா கேட்கிறாள்.

நிழல்மரம்:
அடி, மிரட்டல் இருந்தால் இன்றே போகட்டும், 181 பெண்கள் உதவி எண். அப்போது மேலே சொன்ன ஒப்பந்தம் எதுவும் பொருந்தாது. அது இல்லையென்றால், போவதற்கு முன் திரும்பும் தேதியையும் கடன் பட்டியல் அமர்வையும் இருவருமாகக் குறித்துக்கொள்ளட்டும். ஆலோசகர் தெரியாவிட்டால் 14446 போதை மீட்பு எண்ணில் கேளுங்கள்.