மகளுக்குப் பூங்குழலி என்று பெயர் வைக்கலாமா?

நெடுவழி எழுதியது:

எங்களுக்கு அடுத்த மாதம் குழந்தை பிறக்கப்போகிறது. பெண்ணாக இருந்தால் பூங்குழலி என்று பெயர் வைப்பது என மனைவி முடிவே செய்துவிட்டார். 'பொன்னியின் செல்வ'னில் படகு ஓட்டி வரும் அதே பூங்குழலிதான். கல்லூரி நாள்களிலிருந்தே அவருக்கு அந்தப் பாத்திரத்தின் மேல் பெரும் பிரியம். எனக்கும் பெயர் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. 2022-இல் படம் வந்துவிட்டதால், அதைப் பார்த்து வைத்த பெயர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அது போகட்டும். ஒரு கதாசிரியர் கற்பனையில் பிறந்தவளின் பெயரை நம் பிள்ளைக்குச் சூட்டினால், அந்தக் கதையின் நிழலிலேயே அவள் வளர வேண்டி வருமோ? இப்படிப் பெயர் வைத்தவர்களும், முக்கியமாக இப்படிப் பெயர் வாங்கியவர்களும் சொல்லுங்கள்.

பழையபுத்தகம் எழுதியது:

தாராளமாக வையுங்கள். வனெஸ்ஸா என்ற பெயரே ஜோனதன் ஸ்விஃப்ட் ஒரு கவிதைக்காக உருவாக்கியது. எஸ்தர் வனோம்ரி என்ற தன் தோழியின் பெயரிலிருந்து துண்டுகளை எடுத்து ஒட்டினார். வெண்டி என்ற பெயர் 1904-இல் 'பீட்டர் பான்' நாடகம் மேடையேறிய பிறகுதான் பரவியது. இன்று அந்தப் பெயர்களைக் கேட்டால் எத்தனை பேருக்குக் கதை நினைவுக்கு வருகிறது?

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கதை முடிந்திருக்க வேண்டும். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது, 2018-இல் மட்டும் அமெரிக்காவில் 560 பெண் குழந்தைகளுக்குக் கலீசி என்று பெயர் வைத்தார்கள். மறு வருடம் கடைசி சீசனில் அந்தக் கலீசி சரணடைந்த நகரத்தையே எரித்துவிட்டாள். கல்கி 1954-இல் முற்றும் போட்டுவிட்டார். உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

மழைக்காகிதம் எழுதியது:

முற்றும் போட்ட கதையும் மாறும் சகோ. ஹார்ப்பர் லீ 1960-இல் எழுதிய நாவலில் அட்டிகஸ் ஃபின்ச் என்ற வழக்கறிஞர் வருவார். நேர்மைக்கு உதாரணமாக அவரைக் கொண்டாடி எத்தனையோ பேர் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். 55 வருடம் கழித்து, 2015-இல், லீயின் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்று புத்தகமாக வந்தது. அதில் அதே அட்டிகஸ் நிறவெறிப் பேச்சுப் பேசுகிறார். அந்தப் பெற்றோர் எப்படிக் கலங்கினார்கள் என்று அப்போது நிறையச் செய்திகள் வந்தன. எனக்கு அவர்கள் மேல் இரக்கம்தான் வந்தது.

ஒரு பூங்குழலி எழுதியது:

என் பெயரே பூங்குழலி. அந்த நாவலிலிருந்துதான் வைத்தார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நிழல் உண்டு. ஆனால் அது வெளியாட்களால் வருவதில்லை. 'உனக்குப் படகு ஓட்டத் தெரியுமா' என்று கேட்பவர்கள் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பாதிப் பேருக்கு அந்தக் கதையே தெரியாது. பள்ளியில் நான் வெறும் குழலி, அவ்வளவுதான். வீட்டுக்குள்தான் அந்த நிழல் விழும். சின்ன வயதில் நீச்சல் வகுப்பில் அழுதேன். 'பூங்குழலிக்குத் தண்ணியைக் கண்டு பயமா?' என்றார் அப்பா. அன்பாகத்தான் சொன்னார். ஆனால் பயந்தது நான், அவள் இல்லையே. அதை எடுத்துச் சொல்ல அந்த வயதில் தெரியவில்லை. இன்றும் எனக்கு ஆழமான தண்ணீர் ஆகாது.

அப்புறம், பிள்ளை ஒரு நாள் அந்தப் புத்தகத்தைப் படிக்கும். பெயர் வைக்கும்போது யாரும் இதை யோசிப்பதாகத் தெரியவில்லை. நான் எட்டாம் வகுப்பு விடுமுறையில் படித்தேன். இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்துக்குத் தலைப்பே 'பூங்குழலி'. பார்த்ததும் நெஞ்சு நிறைந்துபோனது. சில அத்தியாயங்கள் தள்ளிப் போனால், இருட்டில் தெரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி 'என் காதலர்கள்' என்கிறாள்! இவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டதோ என்று வந்தியத்தேவனே நினைக்கிறான். இளவரசர் மேல் வைத்த ஆசையும் அவளுக்குக் கைகூடவில்லை. வீட்டில் எனக்குச் சொன்ன கதையில் இதெல்லாம் கிடையாது. கொந்தளிக்கும் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றிய வீரப்பெண் மட்டும்தான் இருந்தாள்.

கோபமாகப் போய் அம்மாவிடம் கேட்டேன், இவள் பெயரையா எனக்கு வைத்தீர்கள் என்று. அம்மா சொன்னார்: 'அவ எங்கே போகணும்னு நினைச்சாலும் யார்கிட்டயும் உத்தரவு கேக்க மாட்டா. படகை எடுத்துக்கிட்டுப் போயிடுவா. எனக்கு அது வாய்க்கலை. உனக்கு வாய்க்கட்டும்னு வெச்சேன்.'

அப்பா எதிர்பார்த்த துணிச்சலுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். அன்றைக்குப் பிறகு இந்தப் பெயரின் மேல் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. நீச்சல் தெரியாமலே, நினைத்த இடத்துக்கெல்லாம் தனியாகப் போய் வருகிறேன்.

உங்கள் மனைவியிடம் கேளுங்கள்: அவளிடம் பிடித்தது எது? பதிலை எழுதி வையுங்கள், பிள்ளை நிச்சயம் கேட்பாள். பெயரின் அழகு மட்டும்தான் காரணம் என்றால் அதுவும் நல்ல காரணம்தான், அப்படியே சொல்லுங்கள். அவளைப் போல இரு என்று மட்டும் ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். படம் பற்றிய கவலையை விடுங்கள். உங்கள் மகள் பள்ளிக்குப் போகும்போது பேச வேறு படங்கள் வந்திருக்கும்.

நெடுவழி எழுதியது:

ரொம்ப நன்றிங்க. உங்கள் பதிலை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'எதிரே நிற்பது யாராக இருந்தாலும் மனசில் பட்டதைப் பேசுவாள், அதுதான் பிடிக்கும்' என்றார். எனக்கு இது தெரியாது. இத்தனை வருடமாக அந்தக் கடல் காட்சிகள்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். இரண்டாம் பாகத்தை இருவரும் சேர்ந்து மறுபடி படிக்க ஆரம்பித்திருக்கிறோம். பெயரை உறுதி செய்துவிட்டோம். ஆண் பிள்ளை பிறந்தால் என்ன பெயர் என்றுதான் இன்னும் பேசவே இல்லை.

ஒரு பூங்குழலி எழுதியது:

ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். என் சான்றிதழ்களில் 'ழ' ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் போடும் எழுத்துகளையே கடைசி வரை எல்லா இடத்திலும் எழுதுங்கள். குழந்தை நலமாகப் பிறக்கட்டும், இங்கே வந்து ஒரு வரி சொல்லுங்கள்.