மகளின் உடல்நிலை: கேட்ட எல்லோருக்கும் ஒரே மடலாக

அன்பான அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

மகளுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து பலரும் தனித்தனியே விசாரித்தீர்கள். ஆளுக்கு இரண்டு வரி பதில் போட்டதில் யாருக்கும் முழுச் செய்தி போய்ச் சேரவில்லை. அதனால் இந்தப் பொது மடல். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் நன்றாக இருக்கிறாள். கண்ணில் இருந்த மஞ்சள் போய்விட்டது. ஸ்டீராய்டு மருந்தால் கன்னங்கள் உப்பி, ஓயாத பசியும் தொட்டதற்கெல்லாம் கோபமுமாக இருந்தாள். மருந்தின் அளவைக் குறைக்கக் குறைக்க இப்போது பழைய முகம் திரும்புகிறது. இடையில் ஒருமுறை உடல் புதிய கல்லீரலை எதிர்க்கத் தொடங்கியது. ரத்தத்தில் நொதிகளின் அளவு ஏறியிருந்ததைக் கண்டு, ஊசியால் கல்லீரலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதிசெய்தார்கள். பிறகு நரம்பு வழியாக ஸ்டீராய்டை அதிக அளவில் ஏற்றியதில் அடங்கிவிட்டது. முதல் சில மாதங்களில் இது பலருக்கும் வருவதுதான் என்று மருத்துவர் சொன்னார். அந்த வாரம் எங்களுக்கு அந்தச் சமாதானம் காதில் ஏறவில்லை.

அவளுக்குப் பிறவியிலேயே பித்தநாளங்கள் அடைபட்டிருந்தன. குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று தேவைப்படுவதற்கு இதுதான் முதன்மையான காரணம். பிறந்த சில வாரங்களில், ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1950-களில் வகுத்த அறுவை சிகிச்சையைச் செய்தார்கள். அது சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தது, அவ்வளவுதான். பெற்றோரில் ஒருவர் தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுப்பது 1989-இல் பிரிஸ்பேனில் ஒரு தாய் தன் மகனுக்குக் கொடுத்து வெற்றி கண்டதிலிருந்து நடந்துவருகிறது. நாங்களும் அதற்குத்தான் முதலில் முயன்றோம். எனக்கு ரத்தப் பிரிவு ஒத்துவரவில்லை. மனைவியின் கல்லீரலில் ரத்தக்குழாய்களின் அமைப்பு இடம்கொடுக்கவில்லை. ஆகவே, இறந்தவர் ஒருவரின் கொடைக்காகக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறியது.

இனி எழுதப்போவதைத் தொலைபேசியில் யாரிடமும் சொன்னதில்லை.

பெயர் பதிவான அன்று இரவு வழக்கம்போல் செபமாலைக்கு உட்கார்ந்தோம். “சீக்கிரம் ஒரு கல்லீரல் கிடைக்க வேண்டுமென்று…” என்று நான் செபக் கருத்தைச் சொல்லத் தொடங்கியதும் மனைவி கையமர்த்தினாள். “யார் சாக வேண்டும் என்று கேட்கிறீர்கள்?” என்றாள். அதற்கு மேல் அன்று செபம் நடக்கவில்லை.

பங்குத்தந்தையிடம் போய்ச் சொன்னோம். உடனே வாய்க்கு வந்த ஆறுதலைச் சொல்லி அனுப்பிவிடுகிறவர் அல்லர் அவர். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “விபத்தையும் நோயையும் நீங்கள் கேட்க வேண்டாம். நீங்கள் கேட்காமலே அவை வருகின்றன. அப்படி வந்த ஒரு வீட்டில், அந்தக் கொடிய நேரத்தில், ‘சரி, கொடுக்கிறோம்’ என்று சொல்ல ஒருவருக்கு மனம் வரட்டும் என்று கேளுங்கள்” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. மனைவிக்குப் பாதிதான் ஆறியது. மூளைச்சாவு அடைந்தவர் உண்மையிலேயே இறந்தவர்தானா என்ற கேள்வியும் அவளுக்குள் இருந்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000 ஆகஸ்டில் ரோமில் உறுப்பு மாற்று மருத்துவர்களின் மாநாட்டில் ஆற்றிய உரையைத் தந்தை படிக்கக் கொடுத்தார். மூளையின் செயல்பாடு முழுவதுமாக, மீளாத வகையில் நின்றுவிட்டது என்று கண்டிப்பான முறையில் உறுதிசெய்யப்பட்டால், அந்த அளவுகோல் மனிதரைப் பற்றிய சரியான புரிதலுக்கு முரணாகத் தெரியவில்லை என்பது அதில் அவர் கூறியதன் சாரம். உறுப்புக்கொடை விலையில்லாத அன்பளிப்பாக இருக்க வேண்டும், உரிய ஒப்புதல் இல்லாமல் எடுக்கக்கூடாது என்பதையும் அதே உரையில் வலியுறுத்தியிருந்தார். மனைவி அதை அடிக்கோடிட்டுப் படித்தாள்.

ஆனாலும் காத்திருந்த நாட்களில் அவள் அதிகம் எடுத்தது 88-ஆம் திருப்பாடலைத்தான். மற்றப் புலம்பல் பாடல்கள் எங்காவது ஓரிடத்தில் நம்பிக்கைப் பக்கம் திரும்பிவிடும். இது இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. “இதையும் விவிலியத்தில் வைத்திருக்கிறார்களே, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்” என்பாள். விசுவாசத்தில் அவள் தளர்ந்துவிட்டாள் என்று உறவில் சிலர் பேசியது எங்கள் காதுக்கும் வந்தது. தளர்ந்தவர்கள் கடவுளிடம் சண்டை போட மாட்டார்கள், பேச்சையே நிறுத்திவிடுவார்கள்.

அழைப்பு வந்தபோது இருவரும் மகிழ்ந்தோம். அதை மறைக்க மாட்டேன். மகிழ்ந்த கையோடு அழுதோம். கொடுத்தவர் யார் என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் முறை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அவர் பெரியவர், அவருடைய கல்லீரலை இரண்டாகப் பிரித்து இடப்பக்கச் சிறு பகுதியை இவளுக்கும் வலப்பக்கப் பெரும் பகுதியைப் பெரியவர் ஒருவருக்கும் வைத்தார்கள் என்பது மட்டும்தான். அந்த இன்னொருவரும் இப்போது எங்கள் மன்றாட்டில் இருக்கிறார். அவருக்கு மதம் எதுவோ, நம்பிக்கை உண்டோ இல்லையோ, மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொண்டால் சரி.

வீடு திரும்பியதும் ஆலயத்தில் சாட்சி சொல்ல அழைத்தார்கள். ‘ஆண்டவர் எங்கள் பிள்ளையைக் காப்பாற்றினார்’ என்று ஒலிபெருக்கியில் சொல்லலாம்தான். அதே நாளில் வேறொரு வீட்டில் அவர்கள் மன்றாடிய ஆள் காப்பாற்றப்படவில்லையே. அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் அந்த வாக்கியத்தைச் சொல்வேனா? மறுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாளில், கொடுத்தவருக்காகத் திருப்பலி வைத்தோம். கருத்துச் சீட்டில் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். தந்தை அதைப் பார்த்துவிட்டு, “இறைவன் பெயர் அறிந்த ஒருவருக்காக” என்று வாசித்தார்.

இனி அறிவுரைகளுக்கு வருகிறேன். அன்பினால் அனுப்பியவை என்று தெரியும், அதனால்தான் நேராகச் சொல்கிறேன்.

நோய் எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும் பொடிகள், கஷாயங்களின் பட்டியலைப் பலர் அனுப்பினீர்கள். எங்களுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. அந்தச் சக்தியை அடக்கி வைத்தால்தான் வந்த விருந்தாளியை உடல் விரட்டாது. அதற்காகத்தான் காலையும் மாலையும் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் டாக்ரோலிமஸ் என்ற மருந்தைக் கொடுக்கிறோம். ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்து மகளின் தலையில் கைவைத்து, “இந்தப் பிள்ளையின் எதிர்ப்பு சக்தியைப் பன்மடங்காக்கும் ஆண்டவரே” என்று உருக்கமாக மன்றாடினார். அருகில் மனைவி, “அதை மட்டும் கேட்டுவிடாதேயும்” என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. மூலிகைகளில் இன்னொரு வேடிக்கை: செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று புனித யோவான் பெயரைத் தாங்கிய ஒன்று உண்டு. அது ரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவை இறக்கி, கல்லீரலை இழக்கும் அபாயத்தில் கொண்டுவிடக்கூடியது. புனிதர் பெயர் இருந்தாலும் வேண்டாம்.

“முழு விசுவாசம் இருந்தால் மருந்தை நிறுத்திப் பாருங்கள்” என்று எழுதிய சகோதரருக்கு: விவிலியத்தில், சாகக் கிடந்த எசேக்கியா அரசர் அழுது மன்றாடினார், ஆயுள் கூட்டித் தரப்பட்டது. அப்போதும் இறைவாக்கினர் எசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிக் கட்டியில் வைக்கச் செய்தார். டாக்ரோலிமஸ் 1984-இல் ஜப்பானில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. ஆண்டவர் மண்ணிலிருந்து மருந்துகளை உண்டாக்கினார், அறிவுள்ளவர் அவற்றை வெறுப்பதில்லை என்று விவிலியத்தின் சீராக் நூலில் 38-ஆம் அதிகாரம் சொல்கிறது. இதைப் பற்றி மேலும் விவாதிக்க எனக்கு விருப்பமில்லை. இந்த மருந்தை அவள் வாழ்நாள் முழுதும் எடுக்க வேண்டும். கை நடுக்கம், சிறுநீரகத்துக்குச் சுமை என்று அதற்கும் விலை உண்டு. ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். அவள் பதின்பருவத்தை எட்டி, மற்றப் பிள்ளைகளைப் போல் இருக்க ஆசைப்பட்டு மாத்திரையை ஒளித்துவைக்கும் வயதை நினைத்துத்தான் இப்போதே கவலைப்படுகிறேன்.

அவளுக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்தவர்களுக்கும், பள்ளிவாசலில் துஆ கேட்டவர்களுக்கும், நவநாள் வைத்தவர்களுக்கும், எதுவும் செய்யாமல் ஒரு வார்த்தை விசாரித்தவர்களுக்கும் எங்கள் நன்றி. அடுத்த ஒன்றுகூடலுக்கு, மருத்துவர் சம்மதித்தால், வருகிறோம். தட்டம்மை, சின்னம்மை தடுப்பூசிகளில் உயிருள்ள கிருமி இருப்பதால் அவளுக்கு இப்போது போட முடியாது. உங்கள் பிள்ளைகளுக்கு உரிய தடுப்பூசிகளெல்லாம் போட்டிருந்தால் அதுவே அவளுக்குப் பாதுகாப்பு. சளி, காய்ச்சல், கொப்புளம் உள்ளவர்கள் எட்ட நின்று கையசைத்தால் போதும். முத்தம் கொடுக்கத் துடிக்கும் அத்தைமார்கள் தயவுசெய்து மன்னிக்க வேண்டும். அவளே தடுப்பாள், அவள் கோபம்தான் இன்னும் முழுதாகக் குறையவில்லையே.