பழைய படங்கள்: பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

உடலுழைப்பு வேலையும் இயந்திர வேலையும் செய்த பெண்களின் பழைய படங்களைச் சேர்க்கலாம் என்று குழுவில் பேச்சு வந்ததிலிருந்து அப்படிப்பட்ட படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று உறுத்துகிறது. இயந்திரத்தின் பெயர் பெரும்பாலும் பதிவாகியிருக்கிறது, அதில் வேலை செய்தவரின் பெயர் காணாமல் போயிருக்கிறது.

அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து வல்ட்டி ஆலையில் 1943 பிப்ரவரியில் ஆல்பிரட் பால்மர் எடுத்த வண்ணப்படம் உலகமெங்கும் சுற்றியது. ஒரு பெண் விமானத்துக்குத் துளை போடுகிறார். படக்குறிப்பில் ஆலையின் பெயர் இருக்கிறது, ‘வெஞ்சன்ஸ்’ என்று விமானத்தின் பெயரும் இருக்கிறது. அவரை மட்டும் வெறுமனே ‘பெண்’ என்று எழுதிவிட்டார்கள். இரண்டே மாதம் கழித்து, அயோவா மாநிலத்து கிளின்டன் ரயில் இன்ஜின் ஷெட்டில் ஜாக் டெலானோ படமெடுத்தார். ராட்சத இன்ஜினை நீராவி பீய்ச்சிக் கழுவுகிறவர் வயோலா சீவர்ஸ் என்று அதில் பெயரோடு குறிப்பு இருக்கிறது. பெயர் இருந்தால் அவரைத் தேடிப் போக வழி கிடைக்கிறது, அவ்வளவுதான் நான் கேட்பது.

பெயர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நவோமி பார்க்கர் கதை போதும். 1942 மார்ச்சில், கலிபோர்னியாவின் அலமீடா கடற்படை விமானத் தளத்தில், தலையில் புள்ளி போட்ட துணி கட்டி லேத் மீது குனிந்து நின்றார். படம் பத்திரிகைகளில் வந்தது. பல பத்தாண்டுகள் கழித்து வேறொரு பெண்மணி அதைப் பார்த்து ‘இது நான்தான்’ என்று நல்லெண்ணத்தோடே நம்பிவிட்டார், உலகமும் நம்பியது. 2011-ல் ஒரு விழாவுக்குப் போன நவோமி, தன் படத்தின் கீழே அடுத்தவர் பெயரைப் பார்த்தார். தன் பெயரோடு வந்த பத்திரிகைத் துணுக்கை அவர் பத்திரமாக வைத்திருந்தார். அப்படியும் அவர் பேச்சு எடுபடவில்லை! ஜேம்ஸ் கிம்பிள் என்ற பேராசிரியர், பழைய குறிப்பு ஒட்டிய மூலப் பிரதியைத் தேடிப் பிடித்து 2016-ல் எழுதிய பிறகுதான் ஊர் ஏற்றுக்கொண்டது. அப்போது நவோமிக்கு 95 வயதை ஒட்டியிருந்தது. 2018-ல் காலமானார். எனக்கு இது ஆறவே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1860-களில் இங்கிலாந்தின் விகன் நிலக்கரிச் சுரங்கப் பெண்களின் படங்கள் பலவும் ஸ்டூடியோவில், கையில் மண்வாரியும் சல்லடையும் கொடுத்து நிற்கவைத்து எடுத்தவை. உடையும் கருவியும் நிஜம், ஆனால் நிற்கிற இடம் வேலைத்தலம் இல்லை. ஆகவே எங்கே எடுத்தது என்ற விவரமும் வேண்டும்.

அதனால் படம் அனுப்புகிறவர்கள் ஓரத்தை வெட்டாதீர்கள். பின்பக்கத்தில் பென்சில் கிறுக்கல் இருந்தால்கூட அதையும் ஸ்கேன் செய்யுங்கள். வயதானவர்களை இப்போதே போனில் கூப்பிட்டு, படத்தில் யார், கையில் என்ன கருவி என்று கேளுங்கள். பெயர் உறுதியில்லை என்றால் யார் சொல்லிக் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.