எல்லைப்படுத்தும் தாக்கி: இலகுவான சொல் ஒன்று வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். உயர்தர இரசாயனவியலுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு, ஒரு தாக்கத்துக்கு எது எவ்வளவு வேண்டும், எவ்வளவு விளைவு வரும் என்று கணக்கிடும் பீசமானப் பகுதிக்குக் கையேடு தயாரிக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். தாக்கத்தில் ஈடுபடும் பொருட்களில் (தாக்கிகளில்) எது விளைவின் அளவுக்கு எல்லை போடுகிறதோ அதுவே 'எல்லைப்படுத்தும் தாக்கி'. அந்த இடத்தில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். 4 கிராம் ஐதரசன், 16 கிராம் ஒட்சிசன் கொடுத்து எது எல்லைப்படுத்தும் என்று கேட்டால், திணிவு குறைந்த ஐதரசனையே காட்டுகிறார்கள். துணிக்கைகளின் எண்ணிக்கையைக் காட்டும் அலகான மூலில் பார்த்தால் ஐதரசன் 2, ஒட்சிசன் 0.5. நீர் உண்டாக 1 மூல் ஒட்சிசனுக்கு 2 மூல் ஐதரசன் போதும், அதனால் ஒட்சிசன்தான் முந்தி முடியும். 18 கிராம் நீர் வரும், 2 கிராம் ஐதரசன் மிஞ்சும். முந்தி முடிவது என்பது சொல்லிலேயே தெரிந்தால் நல்லது. 'தீர்தாக்கி' சரிவருமா? மிஞ்சுவதற்கு 'மிகுதாக்கி'.
(கிளிநொச்சி)

சேர், நல்ல வினைத்தொகை. தீர்ந்த, தீர்கின்ற, தீரும் என மூன்று காலமும் அதற்குள் இருக்கிறது. ஆனால் கையேடு முழுவதும் 'பீசமானம்' என்றுதானே வரப்போகிறது, அதை ஏன் விட்டுவைத்தீர்கள்? 1792இல் இரசாயனவியலாளர் ரிக்டர், மூலகம், அளவு என்ற பொருளுள்ள இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஆக்கிய பெயர் அது. மூலகத்தை விதையாக்கி, விதையை வடமொழியில் பீசம் என்று சொல்லி, இவ்வளவு சுற்றுவழி எதற்கு? 'மூலக அளவை' போதும்.
(மல்லாவி)

அக்கா, பீசமானத்தில் கை வைக்காதீர்கள். வினாத்தாளில் வருவது அதுதான். வடவெழுத்தை நீக்கி எடுத்தால் வடசொல்லும் நம் சொல்தான் என்று தொல்காப்பியர் இடம் கொடுத்திருக்கிறார். 'பீஜம்' என்பது 'பீசம்' என்று மாறியதும் அந்த விதிப்படிதான். எல்லைப்படுத்தும் தாக்கியையே தமிழ்நாட்டுக் காணொளிகளில் 'வினைக்கட்டுப்பாட்டுக் காரணி' என்று சொல்வதைக் கேட்டுவிட்டு, அது வேறொரு பாடம் என்று நினைக்கும் பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு பெயரும் வேண்டுமா?
(வவுனியா)

தம்பி, அவர் சொன்னது செய்யுளுக்கு. அந்த நூற்பாவைத் திரும்பப் படியுங்கள். அளவைக் குறிக்கும் 'மானம்' இருக்கட்டும், எனக்கு அதில் குறையில்லை. பீசம்தான் உறுத்துகிறது.
(மல்லாவி)

பீசமானத்தைப் பிறகு பேசுவோம். எனக்குத் 'தீர்தாக்கி'யே உடன்பாடில்லை. நைதரசனையும் ஐதரசனையும் சேர்த்து அமோனியா ஆக்கும் ஏபர் முறையில் 1 மூல் நைதரசனுக்கு 3 மூல் ஐதரசன் வேண்டும். 2 மூல் மட்டும் இட்டால் எல்லைப்படுத்துவது ஐதரசன், ஆனால் அது தீராது. முன்தாக்கமும் பின்தாக்கமும் ஒரே வேகத்தில் நடக்கும் சமநிலையில் மூன்று வாயுக்களும் கலந்தே நிற்கும். அங்கே 'தீர்தாக்கி' என்று எப்படிச் சொல்வது? விளைவு எவ்வளவு வரலாம் என்பதற்கு எல்லை போடுவதால்தான் அந்தப் பெயர். பழைய சொல் நீளம்தான், ஆனால் பிழையில்லை.
(முல்லைத்தீவு)

முல்லைத்தீவு ஐயா சொல்வது சரி. ஆனாலும் முதல் தவணைப் பிள்ளைக்குச் சமநிலை இன்னும் வரவில்லை. முற்றாக நடக்கும் தாக்கங்களை வைத்துத்தான் கணக்குப் பழகுகிறது. அதற்குத் தீர்தாக்கி உதவும் என்றே நானும் நினைக்கிறேன்.
(மாங்குளம்)

நன்றி. சிலர் பழைய சொல்லையே வைத்திருக்கச் சொல்கிறீர்கள். 'எல்லைப்படுத்தும் தாக்கி' என்றே அச்சிடுகிறோம். முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் 'தீர்தாக்கி' இருக்கும். பீசமானம் அப்படியே.
(கிளிநொச்சி)

அடைப்புக்குறிக்குள்ளும் வேண்டாம் சேர். பிள்ளைகள் மனதில் நிற்பது அந்தச் சின்னச் சொல்தான். சமநிலைப் பாடத்தில் அதைத் திருத்த வேண்டியவர்களும் நாங்களே.
(முல்லைத்தீவு)