டிசைன் வகுப்பில் வாயை மூடிக்கொண்டு இருப்பது: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

மெக்கானிக்கல் ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

பொறியியல் மாணவர்களுக்கு டிசைன் திங்கிங் (பயனரைப் பார்த்துப் புரிந்துகொண்டு, மாதிரி செய்து, சோதித்துத் திருத்தி வடிவமைக்கும் முறை) எடுப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். வகுப்பில் நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். பாடத்திட்டம், கோர்ஸ் அவுட்கம் எல்லாம் எல்லோருடைய கோப்பிலும் கிடக்கிறது, அது வேண்டாம். முதலில் நான்.

மூன்றாம் ஆண்டு வகுப்பு. தனியாக வசிக்கும் முதியவர்கள் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட உதவும் ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும். நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு குழு எந்த மைக்ரோகண்ட்ரோலர் (கருவியை இயக்கும் சிறு சில்லு) என்று முடிவு செய்துவிட்டது. சுழலும் தட்டு, அலாரம், பிள்ளைகளுக்குக் குறுஞ்செய்தி எல்லாமே தயார். யாருக்காக என்று கேட்டால் "வயசானவங்களுக்கு மேடம்" என்றார்கள். அவர்களில் ஒருவரிடமும் பேசியிருக்கவில்லை.

ஆரம்ப வகுப்புகளில் அட்டை, கத்தரி, டேப் தவிர எதையும் தொட விடமாட்டேன். அட்டையில் செய்ததைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வலிக்காது. சர்க்யூட் போட்டுவிட்டால் அதைக் காப்பாற்றத்தான் தோன்றும். சோதனை நாளன்று இன்னொரு விதி: பொருளைப் பயனர் கையில் கொடுத்த பிறகு அது எப்படி வேலை செய்யும் என்று சொல்லக் கூடாது.

அந்தக் குழுவுக்கு ஓய்வுபெற்ற ஓர் அம்மா வந்தார். ஒரு வாரத்துக்கு 21 அறைகள் கொண்ட அட்டைப் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டுத் தன் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட மாத்திரை அட்டைகளை எடுத்தார். ஒவ்வொன்றின் பின்னாலும் பேனாவால் ஏதோ குறித்திருந்தது. குழுத் தலைவனால் பொறுக்க முடியவில்லை. "அம்மா, அந்த மூடியை இப்படி..." என்று ஆரம்பித்தான். கையமர்த்தினேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "அட்டையிலேர்ந்து பிரிச்சு இதுல போட்டுட்டா எது எந்த மாத்திரைன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்? டாக்டர் நடுவுல ஒண்ணை நிறுத்தச் சொன்னா எதை எடுக்கிறது?"

மறந்துபோவதுதான் பிரச்சினை என்று பையன்கள் நினைத்திருந்தார்கள். அந்த அம்மா மறப்பதே இல்லை. அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்பதுதான் அவருடைய பயம். ஈரக்காற்று பட்டால் கெட்டுப்போகும் மாத்திரைகளும் உண்டு, அவற்றை அட்டையிலிருந்து பிரிக்கவே கூடாது. பிரச்சினையை எழுதிவைத்த வாக்கியத்தை அன்றே அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். கடைசியில் வந்தது மருந்தின் பெயர் வெளியே தெரியும்படி அட்டைகளை வரிசையாகப் பிடித்து வைக்கும் ஒரு தாங்கி. மோட்டார் கிடையாது. "இதுக்கு மார்க் வருமா மேடம்?" என்று ஒருவன் கவலையோடு கேட்டான். நியாயமான கவலை, அதைப் பற்றியும் யாராவது எழுதுங்கள்.

எலக்ட்ரானிக்ஸ் பேராசிரியர்

எங்கள் துறைப் பிள்ளைகளிடம் அட்டையையும் கத்தரியையும் கொடுத்தால் "இதுல எலக்ட்ரானிக்ஸ் எங்கே சார்?" என்பார்கள். அவர்களுக்கு வேறு வழி வைத்திருக்கிறேன். கருவி தானாக இயங்குவது போலக் காட்டி, பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்து இயக்குவது. 1980-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 'கேட்கும் தட்டச்சுப் பொறி' ஒன்றை இப்படித்தான் சோதித்தார்கள். சரளமாகப் பேசுவதைப் புரிந்துகொள்ளும் கணினி அப்போது இல்லை. அடுத்த அறையில் ஒரு தட்டச்சர் இருந்தார், பேசியவர் கண்ணுக்கு எழுத்துகள் திரையில் தானாக வந்தன.

படுக்கையில் இருப்பவர் குரலால் விளக்கை இயக்குவது ஒரு குழுவின் திட்டம். ஆன், ஆஃப், பிரைட், டிம் என்று நான்கு கட்டளை. திரைக்குப் பின்னால் ஒரு மாணவியை சுவிட்சோடு உட்கார வைத்தோம். வந்தவர்களில் யாருமே அந்த நான்கு சொல்லைச் சொல்லவில்லை. "கொஞ்சம் குறை." "இன்னும்." "போதும் போதும்." "ஐயோ, கண்ணு கூசுது." கடைசியில் சொன்னது கட்டளையே இல்லை, ஆனால் பின்னாலிருந்த மாணவி விளக்கைக் குறைத்துவிட்டாள்! அவளுக்குப் புரிந்தது நாம் எழுதப்போகும் நிரலுக்குப் புரியுமா என்ற கேள்வியில் வகுப்பே சூடாகிவிட்டது. ஒரு வரி நிரல்கூட எழுதாமல் ஒரே மதியத்தில் கிடைத்த பாடம் இது. எழுதி முடித்த பிறகு கிடைத்திருந்தால், பயனர்தான் சரியாகப் பேசவில்லை என்று அறிக்கையில் எழுதியிருப்பார்கள்.

முன்னாள் மாணவர், இப்போது உற்பத்தித் துறையில்

நான் மறுபக்கம் உட்கார்ந்தவன், அதையும் எழுதுகிறேன். எங்கள் கேள்விப் பட்டியலின் முதல் கேள்வி: "இப்படி ஒரு கருவி இருந்தால் பயன்படுத்துவீர்களா?" சார் அதைச் சிவப்பு மையால் அடித்தார். "முன்னாடி நின்னு ஆசையா கேட்டா யாருப்பா இல்லைன்னு சொல்வாங்க? கடைசியா அந்த வேலையைச் செஞ்சப்ப என்ன நடந்துச்சுன்னு கேளு. முடிஞ்சா கேட்காதே, பாரு."

எங்கள் தலைப்பு லேத் இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பு. ஒரு பட்டறையில் அனுபவமுள்ள ஆபரேட்டர் ஒருவரிடம் பேசினோம். "தடுப்பு போடாம ஓட்டவே மாட்டோம்" என்றார். அவருக்குப் பின்னாலிருந்த இயந்திரத்தின் தடுப்பு கம்பியால் மேலே தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. விதி என்னவோ அதைச் சொன்னார். அரை நாள் ஓரமாக நின்று பார்த்ததில் காரணம் தெரிந்தது. கூலன்ட்டும் (சூடு தணிக்க ஊற்றும் திரவம்) உலோகச் சீவலும் பட்டுப்பட்டு ஒளிபுகும் தகடு மங்கிவிடுகிறது. வெட்டும் முனையைப் பார்க்காமல் அவரால் வேலை செய்ய முடியாது. நாங்கள் யோசித்து வைத்திருந்ததோ இன்னும் கெட்டியான தடுப்பு, திறந்தால் இயந்திரம் நின்றுவிடும். அதைச் செய்து கொடுத்திருந்தால் சென்சாரை ஏமாற்ற இன்னொரு கம்பி வந்திருக்கும். கழற்றித் துடைத்து நொடியில் மாட்டக்கூடிய தகடாக மாற்றினோம்.

சிவில் துறை மூத்த ஆசிரியர்

எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு நாள் பயிலரங்கு என்ற பெயரில் சுவர் நிறைய வண்ணத் தாள் ஒட்டி, குரூப் போட்டோ எடுத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) டிசைன் திங்கிங்கின் ஐந்து படிகளையும் வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறான். யாரைப் பார்த்தாய் என்றால் பக்கத்துப் பெஞ்சு நண்பனைக் காட்டுகிறான்.

இதெல்லாம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டி.ஸ்கூல் என்ற வடிவமைப்புப் பள்ளி வந்த பிறகு பிறந்தது என்ற நினைப்பும் தவறு. இரண்டாம் உலகப் போரில் பி-17 விமானங்கள் தரையிறங்கிய பிறகு, விமானிகள் ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகட்டை) மடக்குவதற்குப் பதில் சக்கரத்தை மடக்கி விமானத்தை வயிற்றால் தரையில் உட்கார வைத்தார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் 1943-இல் காக்பிட்டுக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு கட்டுப்பாடுகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. ஒன்றின் முனையில் சக்கர வடிவத்தையும் இன்னொன்றில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் சொன்னார். விமானியின் கவனக்குறைவு என்று கோப்பில் எழுதப்பட்டது கைப்பிடியின் பிழையாக மாறியது. இதைச் சொன்னால் பொறியியல் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஒட்டுத்தாளுக்கு அப்படி உட்காருவதில்லை.

நான் செய்யும் பயிற்சி ஒன்றே ஒன்றுதான், அளவு நாடா போதும். வகுப்பில் எல்லோருடைய உயரம், முழங்கை உயரம், உள்ளங்கை அகலம், உட்கார்ந்தால் முழங்கால் உயரம் என்று பத்து அளவு எடுக்கச் சொல்வேன். சராசரி போடு. இப்போது பத்திலும் சராசரிக்கு அருகில் இருக்கும் ஆளைக் கூட்டி வா. இதுவரை ஒருவரும் எழுந்து வந்ததில்லை. கில்பர்ட் டேனியல்ஸ் 1950 வாக்கில் அமெரிக்க விமானப்படையின் 4,063 விமானிகளின் அளவுகளை வைத்து இதைத்தான் செய்தார். பத்து அளவிலும் சராசரிக்குள் அடங்கியவர் ஒருவர்கூட இல்லை. சராசரி ஆளுக்காகக் காக்பிட் செய்வதை விட்டு, இருக்கையையும் பெடலையும் நகர்த்தும்படி செய்ததெல்லாம் அந்த வழியில் வந்தது. அளவெடுத்த பிறகு மாணவர்கள் 'சராசரிப் பயனர்' என்று எழுதுவதைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள்.

மெக்கானிக்கல் ஆசிரியை

ஐயா, போட்டோ விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். பார்வையற்றவர்களின் நிலையை உணர மாணவர்களைக் கண்ணைக் கட்டி நடக்க விடும் பயிற்சியை யாராவது செய்கிறீர்களா? எங்கள் கல்லூரியில் அதைச் சேர்க்கச் சொல்கிறார்கள்.

அணுகல்தன்மைப் பயிற்சியாளர்

அதைச் செய்யாதீர்கள் மேடம். எனக்குப் பார்வை கிடையாது, கல்லூரிகளுக்குப் பயனராகப் போகிறவள். பத்து நிமிடம் கண்ணைக் கட்டி நடந்த பிள்ளைகள் என்னிடம் வந்து "எப்படி மேடம் சமாளிக்கிறீங்க, பாவம்" என்கிறார்கள். பார்வை போன முதல் பத்து நிமிடம் எப்படி இருக்கும் என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கோ அது வாழ்நாள் பழக்கம். இப்படி நடித்துப் பார்த்தவர்கள் பார்வையற்றவர்களின் திறனைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்று ஆய்விலும் கண்டிருக்கிறார்கள்.

அதற்குப் பதில் எங்களை வேலை செய்ய விட்டுப் பாருங்கள். என் போனில் ஸ்கிரீன் ரீடர் (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) ஓடும் வேகத்தைக் கேட்டதும் அனுதாபம் போய்விடும். பிறகு மேடு பள்ளமே இல்லாத தொடுதிரைப் பலகையை என் முன்னால் வைத்தால், யார் யாருக்கு இடைஞ்சல் செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஒரு குழு எல்லாப் பொத்தானிலும் பிரெயில் ஒட்டிக் கொண்டுவந்தது. உழைப்புக்கு மரியாதை உண்டு. ஆனால் வயதான பிறகு பார்வை இழந்தவர்களில் பலருக்குப் பிரெயில் படிக்கத் தெரியாது. பொத்தான் விரலுக்குத் தட்டுப்படும்படி மேடாக இருக்கிறதா, எப்போதும் அதே இடத்தில் இருக்கிறதா, அழுத்தியதும் சத்தம் வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். இன்னொன்று, எங்களைக் கடைசி வாரத்தில் பாராட்டு வாங்க மட்டும் கூப்பிடாதீர்கள்.

கணினித் துறை உதவிப் பேராசிரியர்

மார்க் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் இறுதிப் பொருளுக்குக் குறைவாகவும், முதல் வடிவத்துக்கும் இரண்டாம் வடிவத்துக்கும் இடையே என்ன மாறியது, எந்தப் பயனர் என்ன செய்ததால் மாறியது என்பதற்கு அதிகமாகவும் போடுகிறேன். பயனர் "நல்லா இருக்கு" என்று சொன்னதற்கு மார்க் கிடையாது. அவர் எங்கே தயங்கினார், எதைத் தப்பாக அழுத்தினார் என்று எழுத வேண்டும். இட்டுக்கட்டிய பேட்டியைக் கண்டுபிடிப்பதும் சுலபம். உண்மையான குறிப்பில் திட்டத்துக்கு ஒத்துவராத ஒன்று கட்டாயம் இருக்கும். கற்பனைப் பேட்டியில் எல்லோரும் ஆமாம் சாமி போட்டிருப்பார்கள்.

பழைய நல்ல புராஜெக்டை மாதிரியாகக் காட்டுவதும் ஆபத்து. ஜான்சன், ஸ்மித் இருவரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில் சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள், ஸ்டிரா (உறிஞ்சுகுழல்) கூடாது என்றும் சொன்னார்கள். ஸ்டிரா வைத்த மாதிரிப் படத்தைப் பார்த்த பொறியியல் மாணவர்கள் பலர் தங்கள் வரைபடத்திலும் ஸ்டிரா வைத்தார்கள்!

"ஐந்து பேரிடம் சோதித்தால் போதுமா சார், சாம்பிள் சைஸ்?" என்று புள்ளியியல் படித்த ஒருவன் ஆண்டுதோறும் எழுவான். பயன்பாட்டுச் சோதனை ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டவரும் 1993-இல் போட்ட கணக்கின்படி, ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிக்கொண்டு வந்தால் ஐந்து பேர் சுமார் 85 சதவீதத்தைக் காட்டிவிடுவார்கள். கரும்பலகையிலேயே போட்டுக் காட்டலாம், சின்னச் சூத்திரம்தான். ஆனால் அந்த 31 எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. அதனால் ஐந்து பேர், திருத்தம், மறுபடி வேறு ஐந்து பேர் என்று போகச் சொல்கிறேன்.

முதலாமாண்டு வகுப்பு எடுப்பவர்

அறுபது பேர் வகுப்பு. வெளியாட்களுக்கு எங்கே போவது?

மெக்கானிக்கல் ஆசிரியை

வெளியே போகவே வேண்டாம். நூலக உதவியாளர், பேருந்து ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர், ஸ்டோர் பொறுப்பாளர் என்று வளாகத்துக்குள்ளேயே ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு குழு தரை துடைக்கும் வாளிக்குப் பிழியும் அமைப்பு செய்தது. மிதித்தால் பிழியும். பணியாளர் அம்மா ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, படியில் எப்படி இதைத் தூக்கிக்கொண்டு போவது என்று கேட்டார். அதை அவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. வேலை நடப்பதோ நான்கு மாடியில்.

கூப்பிடும்போது மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, வேலை நேரத்திலேயே வரச் செய்யுங்கள். ஓய்வு நேரத்தைக் கேட்காதீர்கள். ஒரு குழுவுக்கு இருவர் போதும், ஒருவர் பேச ஒருவர் எழுத. ஆறு பேர் சூழ்ந்து நின்றால் அவர்கள் "எல்லாம் சரிதான் தம்பி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.