பொருந்தும், ஆனால் ஒவ்வாது: கணினிப் பாகங்களுக்கு ஒரு சொல்

மட்டக்களப்பிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

விளையாட்டுக் கணினியைப் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டுபவர்களுக்கான கையேட்டு வரைவில் ஒரு சொல் இன்னும் தமிழாகவில்லை. 'கம்பேட்டபிள்' என்பதே அது: ஒரு பாகம் இன்னொன்றோடு சேர்ந்து வேலை செய்யும் என்று சொல்வது. தாய்ப்பலகை, மின்வழங்கி, வன்தட்டு எல்லாம் வாயில் பழகிவிட்டன. இதற்கு மட்டும் இணக்கம், இயைபு, ஒத்தியல்பு, பொருத்தம் என்று நாலு சொற்கள் நாலு பக்கம் இழுக்கின்றன. பாகம் தெரிவு செய்யும் அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது.

என் தெரிவு பொருத்தம். இணக்கம் என்றால் இணக்கசபையும் காணிப் பிணக்கும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. இயைபு செய்யுள் இலக்கணத்தின் தொடைக்குப் போய்விட்டது. ஒத்தியல்பு என்றால் இரண்டுக்கும் ஒரே இயல்பு என்று பொருள். ரேமும் பலகையும் ஒரே இயல்புடையவை அல்ல, வேறுவேறு இயல்போடு சேர்ந்து வேலை செய்பவை. பொருத்தம் அப்படியல்ல. சாதகம் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் பழக்கம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

வரைவுப் பந்தி இப்படிப் போகிறது. முதலில் புரொசசருக்கும் பலகைக்கும் பொருத்தம் பாருங்கள்: பலகையில் புரொசசர் அமரும் வாய் எல்ஜிஏ 1700 என்றால் இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைகள், ஏஎம்5 என்றால் ரைசன் 7000 வரிசையிலிருந்து. அடுத்தது ரேம்: ஏஎம்5 பலகை டிடிஆர்5 வகை ரேம் மட்டுமே எடுக்கும், எல்ஜிஏ 1700 பலகைகளில் டிடிஆர்4 எடுப்பவையும் உண்டு, டிடிஆர்5 எடுப்பவையும் உண்டு, பெட்டியில் உள்ள பலகையின் பெயரைக் கடைசி எழுத்துவரை வாசிக்க வேண்டும். பிறகு கேசிங், அதாவது எல்லாப் பாகமும் அமரும் கூடு, பலகையின் அளவைக் கொள்ளுமா என்று பாருங்கள்: ஏடிஎக்ஸ் பலகை 305 × 244 மிமீ, மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244, மினி ஐடிஎக்ஸ் 170 × 170. கடைசியாகத் திரைக்குப் படம் கொடுக்கும் விஜிஏ கார்ட்டின் நீளம். கேசிங் பெட்டியில் போட்டிருக்கும் நீளத்தை அப்படியே நம்பக்கூடாது. முன்பக்கம் நீர்க்குளிர்விப்பின் ரேடியேட்டர் வைத்தால் அதன் 27 மிமீயும் விசிறியின் 25 மிமீயும் சேர்ந்து 52 மிமீ குறைந்துவிடும்.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

கல்முனையிலிருந்து

அண்ணா, பந்தி நல்லது. சொல்லில்தான் எனக்குச் சிக்கல்.

நீங்கள் தந்த உதாரணங்கள் எல்லாம் ஒரே இனம். வாய் சேருமா, இடம் காணுமா என்பவை. அடிமட்டத்தை வைத்து அளந்தால் தெரிந்துவிடும். பிழைத்தாலும் பாகம் உள்ளே போகாது, அவ்வளவுதான்; கொழும்பிலிருந்து இரவுப் பஸ்ஸில் வந்த பொதியை அப்படியே திருப்பி அனுப்பலாம். ஆட்களின் காசைத் தின்பது மற்ற இனம். அதில் பாகம் அழகாக உள்ளே போகும், மூடியும் மூடும், வேலைதான் நடக்காது. கடைக்குக் கொண்டுவருபவர் சொல்வது இப்படி: "போட்டில போய்க் குந்துது, மறுகா படம் வருகுதில்ல." இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் கையேடு பிழையான இடத்தில் நம்பிக்கை கொடுக்கும்.

எல்ஜிஏ 1151 என்ற இன்டெல் புரொசசர் வாயை எடுங்கள். பழைய பாகச் சந்தையில் இன்றைக்கும் ஓடுவது அதுதான். ஐ5 7400, ஐ5 8400 என்ற இரண்டு புரொசசர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் 37.5 மிமீ சதுரம். இரண்டின் அடியிலும் 1151 தொடுபுள்ளிகள். ஓரத்து வெட்டுகளும் அதே இடத்தில். ஒன்று 2017 தொடக்கத்தில் வந்தது, மற்றது அதே ஆண்டு ஒக்டோபரில். 8400ஐ, 7400 ஓடும் பி250 பலகையில் வைத்தால் கம்பி வழக்கம்போல மூடிக்கொள்ளும், விசிறிகூடச் சுற்றலாம், திரை கறுப்பாகவே இருக்கும். 8400 சேர்ந்த 8ஆம் தலைமுறையில் கோர்கள் (கணக்குப் பண்ணும் அலகுகள்) கூடியபோது, முன்பு சும்மா ஒதுக்கியிருந்த தொடுபுள்ளிகள் சிலவற்றை மின்சாரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பலகையை நடத்தும் சில்லான சிப்செட் 300 வரிசையாக இல்லாமல் அது எழும்பாது. பொருத்தம் நூற்றுக்கு நூறு. பயன் பூச்சியம்.

பலகையிலேயே படுக்கவைக்கும் சேமிப்புக் குச்சியான எம்.2 எஸ்எஸ்டியும் அப்படித்தான். 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம், ஒரே திருகாணி. ஆனால் ஒன்று சாட்டா வழியில் பேசும், மற்றது என்விஎம்இ வழியில் பேசும். இரண்டு வெட்டு உள்ள சாட்டா எஸ்எஸ்டி, என்விஎம்இ மட்டும் எடுக்கும் துவாரத்திலும் தடையில்லாமல் இறங்கும். பலகையை எழுப்பும் மென்பொருளான பயோஸில் அதன் பெயரே வராது. சில பலகைகளில் இன்னொன்றும் உண்டு: எம்.2 துவாரத்தில் எஸ்எஸ்டி ஏறியவுடன் சாட்டா முனைகளில் ஒன்றோ இரண்டோ அணைந்துவிடும். அந்த முனையில் பூட்டிய வன்தட்டு பழுது என்று நினைத்துப் புதிது வாங்கிவிடுவார்கள். பலகையோடு வரும் கையேட்டுப் புத்தகத்தில் சேமிப்பு அட்டவணையின் அடியில் சின்ன எழுத்தில் அது இருக்கும்.

மிக ஆபத்தானது கழற்றிப் பூட்டும் கேபிள் உள்ள மின்வழங்கி. பாகத்துப் பக்க முனைக்குத்தான் பொது நியமம் இருக்கிறது. மின்வழங்கிப் பக்க முனைக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒரு கம்பனியின் சாட்டா கேபிள் இன்னொரு கம்பனியின் மின்வழங்கியில் டக்கென்று ஏறும். 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்தால் வன்தட்டு அந்த நொடியே போய்விடும். ஒரே கம்பனியின் இரண்டு மொடல்களுக்கு இடையிலும் இது நடக்கும். மின்வழங்கி மாற்றினால் பழைய கேபிளைக் கேசிங்குக்குள் விட்டுவைக்க வேண்டாம், முழுவதையும் உருவி எடுங்கள் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு இரண்டு சொற்கள். உடலால் சேர்வது பொருத்தம். செயலால் சேர்வது ஒவ்வுமை. இந்தப் பக்கத்தில் "எனக்கு இறால் ஒவ்வாது" என்று சொல்லாத வீடு இல்லை. இறால் தொண்டையில் இறங்குகிறது, ருசியாகவும் இருக்கிறது, உடம்புதான் ஏற்கவில்லை. 8400 பி250இல் செய்வதும் அதே காரியம். 'ஒவ்வாது' என்று சொன்னவுடன் பழுது எந்த வகை என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது: உள்ளே போனபிறகு வரும் பழுது.

இன்னொன்று. இந்தக் கருத்துக்குச் சொல் தேடும்போது எதிர்மறையில் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். எல்லாம் சரியாக ஓடும்போது யாரும் அதைப் பேசுவதில்லை. பேச்சு எழுவது ஓடாதபோதுதான். 'இயைபின்மை', 'ஒத்தியல்பின்மை' என்று கடை மேசையில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். 'ஒவ்வாது' ஏற்கெனவே வாயில் இருக்கிறது.

அக்கரைப்பற்றிலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

தம்பி சொன்ன இரண்டாகப் பிரிப்பு மிகச் சரி. சாதகப் பொருத்தத்தில் பத்துக்கு ஏழு எட்டு இருந்தால் கல்யாணம் நடந்துவிடும். கணினியில் ஒன்று தவறினாலே படம் வராமல் போகலாம். அதனாலும் பொருத்தம் என்ற ஒரே சொல் போதாது.

இலக்கணத்தில் ஒரு கேள்வி. 'ஒவ்வா' என்பது 'ஒ' என்ற வினையின் எதிர்மறை. 972ஆம் குறளில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன: "பிறப்பொக்கும்", "சிறப்பொவ்வா". 1114இல் குவளை "கண்ணொவ்வேம்" என்று தலைகவிழ்வதும் எதிர்மறைதான். உடன்பாடு ஒக்கும், எதிர்மறை ஒவ்வா. அப்படியிருக்க 'ஒவ்வுமை' என்ற உடன்பாட்டுப் பெயரை எதிர்மறையிலிருந்து பின்னோக்கிச் செய்யலாமா? பேச்சில் நாம் சொல்வது ஒத்துவரும், ஒத்துவராது. வினைக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். 'ஒத்துவரல்' என்று தலைப்பும் போடலாம்.

அடுத்தது, ஆம் இல்லை என்ற இரண்டுக்குள் அடங்காத இடங்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற விஜிஏ கார்ட்டுக்குத் தரவு போய்வர நாலே பாதைகள்தான். அவை பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 வேகத்துக்காகக் கணக்குப் பண்ணியவை. ரைசன் 5 5600ஜி புரொசசர் கொடுப்பது 3.0. கார்ட் ஏறும், படம் வரும், விளையாட்டும் ஓடும். ஆனால் பாதையின் வேகம் பாதி. கார்ட்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பியபிறகு ரேமிலிருந்து இழுக்கும்போது காட்சி விட்டுவிட்டு நகரும். அதே பலகையில் 5600 போட்டால், பலகையும் 4.0 என்றால், இந்தக் குறை பெரும்பாலும் தெரியாது. இரண்டு புரொசசர்களின் பெயருக்கும் ஒரேயொரு எழுத்துத்தான் வித்தியாசம். எதிர்ப்பக்கமும் பாருங்கள்: 5600க்குள் காட்சிச் சில்லு இல்லை. விஜிஏ கார்ட் வாங்கும்வரை திரையைப் பலகையின் எச்டிஎம்ஐயில் செருகி ஓட்டலாம் என்று நினைப்பவருக்கு அது ஒத்துவராது, 5600ஜி ஒத்துவரும்.

ரேமும் அப்படி. பெட்டியில் 3200 வேகம் என்று எழுதிய டிடிஆர்4 ரேமைப் பூட்டியவுடன் பல பலகைகளில் 2133இலோ 2400இலோ எழும்பும். பயோஸில் எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பைத் திறந்தால்தான் 3200. நாலு துவாரம் உள்ள பலகையில் இரண்டு குச்சிகளை இரண்டாவதிலும் நாலாவதிலும் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் ஒற்றை வழியில் ஓடும். இந்த நடுநிலைக்கு 'குறையொவ்வுமை' என்று ஒரு சொல் வைக்கலாம்.

பலவீனமான புரொசசரோடு பெரிய கார்ட்டைக் கட்டுவதை இதில் கலக்க வேண்டாம். அங்கே ஒன்றும் ஒவ்வாமல் இல்லை. மதகு சிறிது, குளம் பெரிது. அதற்கு வேறு சொல், வேறு மடல்.

மட்டக்களப்பிலிருந்து மீண்டும்

பொருத்தம் மட்டும் போதும் என்ற என் கருத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தம்பியின் பிரிப்பு இல்லாமல் அந்த அத்தியாயத்தை எழுதவே முடியாது.

அக்கரைப்பற்றுக் காக்கா, இலக்கணக் கேள்வி நியாயமானது. ஆனால் 'ஒத்துவரல்' தலைப்பில் நின்றாலும் கூட்டுச் சொற்களில் இழுபடுகிறது. 'ஒத்துவரல் அட்டவணை', 'ஒவ்வுமை அட்டவணை' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். உங்கள் குறையொவ்வுமையே ஒவ்வுமையை ஏற்றுக்கொண்டுதான் பிறந்திருக்கிறது. பெயராக ஒவ்வுமை, வினையாக ஒத்துவரும், எதிர்மறையில் ஒவ்வாது. பேச்சு ஏற்கெனவே அப்படித்தான் பிரிந்து கிடக்கிறது.

எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதற்கு வேறு காரணமும் உண்டு. பி450 பலகையில் ரைசன் 5 5600 பொருந்தும். பலகைக்குள் இருக்கும் பயோஸ் பழையது என்றால் ஒவ்வாது. பயோஸைப் புதுப்பித்தால் ஒவ்வும். திருகாணி ஒன்றும் தொடாமலே நிலை மாறுகிறது. அந்த வேலையை 'ஒவ்வச்செய்தல்' என்று சொல்லலாம். பொருத்தத்திலிருந்து இப்படி ஒரு வினை வராது; 'பொருந்தச்செய்' என்றால் அரத்தை எடுத்துவிடுவார்கள்.

அந்த வேலையின் படிகளையும் இதே சொல்லோடு எழுதிப் பார்த்தேன். பலகையின் மொடலும் பலகையில் அச்சடித்த திருத்த எண்ணும் ஒத்திருக்கும் கோப்பையே தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து இறக்குங்கள். 32 ஜிபிக்கு மேற்படாத யுஎஸ்பி குச்சியை எஃப்ஏடி32 வடிவில் ஃபோர்மட் செய்து அதில் இடுங்கள். பின்பக்கம் பயோஸ் ஃபிளாஷ் பொத்தான் இருந்தால் புரொசசர் இல்லாமலே செய்யலாம். கோப்பின் பெயரைப் பலகையின் கையேட்டில் சொன்னபடி மாற்றி, குறித்த யுஎஸ்பி வாயில் செருகி, பொத்தானை அழுத்திப் பிடியுங்கள், விளக்கு மின்னத் தொடங்கும். பொத்தான் இல்லாத பலகைக்கு முதலில் ஒரு பழைய ரைசன் வேண்டும். நம் பக்கத்தில் அதை இரவல் தேடி அலைவதைவிட, கொழும்பு யுனிட்டி பிளாசாவிலிருந்து பலகையை எடுக்கும்போதே "5600க்கு ஒவ்வச்செய்து அனுப்புங்கள்" என்று கடையில் கேட்பது இலகு. புதிய பயோஸ் எழுதும் நேரத்தில் மின்சாரம் நின்றால் பலகை எழும்பாமலே போகலாம். மழையும் இடியும் உள்ள மாலையில் இதைத் தொடவே வேண்டாம்.

கல்முனைத் தம்பிக்கு ஒரு சிறு சேர்க்கை. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 முனைகள். ஆனால் நடு வெட்டு சற்றுத் தள்ளி இருக்கிறது. முன்னது 1.2 வோல்ட், பின்னது 1.1. ஒவ்வாததைப் பொருந்தாததாகவும் ஆக்கிவைப்பதே அந்த வெட்டின் வேலை. எல்ஜிஏ 1151இல் அதைச் செய்யாமல் விட்டார்கள். குளிர்விப்பானில் மாறி நடந்தது: எல்ஜிஏ 1200க்குத் துளைக்குத் துளை 75 மிமீ, 1700க்கு 78 மிமீ. குளிர்விப்பான் செயலளவில் ஒவ்வும், பொருந்தாது. தயாரிப்பாளரின் புதிய பிடியை வாங்கினால் இரண்டும் சரி. ஆகவே அட்டவணையில் பொருத்தம், ஒவ்வுமை என்று இரண்டு நிரல்கள் தனித்தனியாக வரவேண்டும்.

ஏறாவூரிலிருந்து

இரண்டு சொற்களுக்கும் என் சம்மதம். அட்டவணையில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது: கரண்ட் போனால் பற்றரியில் ஓட்டும் யுபிஎஸ். 650 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும். 115 வாட் ஆர்டிஎக்ஸ் 4060 கார்ட் உள்ள கணினிக்குத் திரையோடு சேர்த்துக் கணக்குச் சரிவரும். 170 வாட் 3060 என்றால் விளிம்பில் நிற்கும். அதைவிட முக்கியம், மலிவான யுபிஎஸ் பற்றரிக்கு மாறியதும் கொடுப்பது சதுர அலை. புதிய மின்வழங்கிகளில் இருக்கும், மின்சாரத்தைச் சீராக இழுக்கும் அக்டிவ் பிஎஃப்சி சுற்றுச் சில வேளை அதை ஏற்காமல், கரண்ட் போன அதே நொடியில் கணினியை அணைத்துவிடும். பற்றரி பழுது என்று மாற்றிப் பயனில்லை.

அந்த வரியை இப்படிப் போடலாம்: யுபிஎஸ், செருகி பொருந்தும், அலை ஒவ்வுமா என்று கணினி ஓடும்போதே சுவர்ச் சுவிட்சை அணைத்துப் பாருங்கள், விளையாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை, மூடிவிட்டு ஒருமுறை.